நடையா, விளக்கா, செடியா? ஊர்ப் பட்டாம்பூச்சிகளைக் கணக்கெடுக்க எந்த வழி

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர்க் குளம். அதன் கரையில் ஆறேழு பேர் சேர்ந்து பட்டாம்பூச்சி பார்க்க ஆரம்பித்தோம். முதல் ஆண்டு எங்கே பூ இருந்ததோ அங்கே போனோம், எது பறந்ததோ அதைப் படம் எடுத்தோம். ஆண்டு முடிவில் கையில் ஒரு நீளமான பட்டியல் இருந்தது. அதைப் பார்த்து எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் ஆண்டு பட்டியல் சுருங்கியது. குளக்கரையில் அந்த ஆண்டு புதர் வெட்டியிருந்தார்கள், அதனால்தானா? மழை பொய்த்ததாலா? அல்லது முதல் ஆண்டில் பெரிய லென்ஸோடு வந்துகொண்டிருந்த இரண்டு நண்பர்கள் வேலைக்காக வெளியூர் போய்விட்டதாலா? எங்களால் சொல்ல முடியவில்லை. இரண்டு ஆண்டு உழைப்பு இருந்தும், புதர் வெட்டியது பூச்சிகளைப் பாதித்ததா என்று ஊராட்சியில் கேட்டபோது பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

அதனால் கணக்கெடுப்பு தொடங்க நினைப்பவர்களிடம் முதலில் ஒன்றைக் கேட்பேன். உங்கள் ஊரில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா, அல்லது இருப்பது கூடுகிறதா குறைகிறதா என்று தெரிய வேண்டுமா? முதல் கேள்விக்குப் பட்டியல் போதும். இரண்டாவது கேள்விக்கு ஒரே இடத்தில், ஒரே முறையில், திரும்பத் திரும்ப எண்ணியாக வேண்டும். இதை முடிவு செய்யாமல் விளக்கும் வலையும் வாங்கப் போனால், எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலகில் பட்டாம்பூச்சி வகைகள் ஏறத்தாழ 18,000. அவற்றின் உறவினரான, பெரும்பாலும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளோ ஒன்றரை லட்சத்தை நெருங்குகின்றன. இந்தியாவில் பட்டாம்பூச்சிகள் 1,300க்கு மேல், அந்துப்பூச்சிகள் 10,000க்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட பட்டாம்பூச்சி வகைகள் பதிவாகியிருக்கின்றன. பகலில் மட்டும் பார்த்துவிட்டு நம் ஊரின் பல்லுயிரைக் கணக்கெடுத்தோம் என்று சொன்னால், பத்தில் ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கிறோம் என்று பொருள்.

ஒரே பாதையில் நடப்பது

இங்கிலாந்தில் எர்னஸ்ட் பொல்லார்டு என்பவர் 1970களில் வகுத்த முறை இது. 1976 முதல் அந்த நாடு முழுவதும் இதே முறையில் எண்ணி வருகிறார்கள். முறை மிக எளிது. ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே வேகத்தில், மெதுவாக நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், மேலே ஐந்து மீட்டர். இந்தப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். எவ்வளவு அழகான பூச்சி என்றாலும் பெட்டிக்கு வெளியே இருந்தால் கணக்கில் சேராது. பின்னால் திரும்பிப் பார்த்தும் எண்ணக்கூடாது, ஒரே பூச்சி இரண்டு முறை சேர்ந்துவிடும்.

எங்கள் பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை ஆறு துண்டுகளாகப் பிரித்திருக்கிறோம்: குளக்கரை, கருவேலங்காடு, தென்னந்தோப்பு ஓரம், வாய்க்கால் மேடு, தரிசு, கோயில் நந்தவனம். துண்டு துண்டாக எழுதுவதால்தான் எந்த இடத்தில் மாற்றம் என்று தெரிகிறது. இங்கிலாந்து விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே நண்பகலை ஒட்டி நடக்கிறார்கள், குளிர் குறைந்தால்தான் பூச்சி பறக்கும். இங்கே பங்குனி, சித்திரையில் பதினொரு மணிக்கு மேல் பட்டாம்பூச்சிகளே நிழலுக்குப் போய்விடும். நாங்கள் ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்துவிடுகிறோம். மேகமூட்டமோ பலத்த காற்றோ இருந்தால் அன்று நடை இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் பல ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகும். அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

இந்த முறைக்குச் செலவு கிடையாது. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஆனால் கண் பழக வேண்டும், அதுதான் பெரிய முதலீடு. கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகளில் ஒரு வகை ரோஜா அழகியைப் போலவே இருக்கும். ரோஜா அழகி நச்சுள்ளது, பறவைகள் தொடாது. அந்த வேடத்தில் இதுவும் தப்பிக்கிறது. பறக்கும்போது இரண்டையும் பிரித்தறிய உடம்பைப் பார்க்க வேண்டும். ரோஜா அழகியின் உடம்பில் சிவப்பு இருக்கும், வேடமிட்டதன் உடம்பு கறுப்பு. வெந்தய வரியனுக்கும் இப்படி ஒரு போலி உண்டு. முதல் ஆறு மாதம் இதில் தவறுகள் வரத்தான் செய்யும். சந்தேகம் வந்தால் 'அழகி, வகை தெரியவில்லை' என்று எழுதுவதே நேர்மை. குளக்கரைப் புல்லில் பறக்கும் சின்னஞ்சிறு நீலன்களையும், தடித்த உடம்போடு சட்டென்று பாய்ந்து போகும் தாவிகளையும் நாங்கள் இன்றுவரை பாதிக்குமேல் குழுப் பெயரில்தான் எழுதுகிறோம்.

நடையின் குறையையும் சொல்ல வேண்டும். மர உச்சியில் வாழ்பவை இதில் சிக்காது. அரிதானவை பெரும்பாலும் தவறிப்போகும். பட்டியல் நீளமாக வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனை எங்கள் குளக்கரைப் பாதையில் எதிர்பார்க்க முடியாது, அது மலைக்காட்டுக்குரியது. ஆனால் வெந்தய வரியன் போன ஐப்பசியைவிட இந்த ஐப்பசியில் குறைந்திருக்கிறதா என்ற கேள்விக்கு, நான் அறிந்தவரை, நடையைப் போலப் பதில் தரும் வழி வேறு இல்லை.

பாதையெல்லாம் முடியாது, பள்ளி வளாகம் மட்டும்தான் இருக்கிறது என்றால் நேரம் வைத்து எண்ணலாம். ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதை எழுதுவது. பிள்ளைகளுக்கு இது பொருந்தும். இரண்டு பள்ளிகளை ஒப்பிடவும் உதவும். நடைக்கு மாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இரவில் விளக்கு

அந்துப்பூச்சிக்கு வெள்ளைத் துணியும் விளக்கும்தான் வழி. துணிக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம், வெளுத்த எட்டு முழ வேட்டி ஒன்றைக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டால் தாராளம். கீழ்ப்பகுதியைத் தரையில் ஒரு முழம் விரித்துவிடுங்கள். பல பூச்சிகள் துணியில் உட்காராமல் கீழேதான் விழும்.

விளக்கில்தான் தெரிவு இருக்கிறது. பழைய ஆய்வாளர்கள் பாதரச ஆவி விளக்கை நம்பினார்கள். கூட்டமாகப் பூச்சி வரும். ஆனால் சூடேறும், மழைத்துளி பட்டால் வெடிக்கும், மின்சாரமும் அதிகம் இழுக்கும். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு அந்த விளக்குகள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. இன்று புதிதாகத் தொடங்குபவர் புற ஊதா எல்இடி விளக்கு வாங்குவதே சரி. பேட்டரியில் ஓடும், தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். வரும் பூச்சியின் எண்ணிக்கை குறைந்தாலும், ஒவ்வொரு மாதமும் அதே விளக்கை அதே இடத்தில் வைப்பதால் ஒப்பிட முடிகிறது. நடுவில் விளக்கை மாற்றினால் பழைய கணக்கோடு புதியதைச் சேர்க்கவே கூடாது. புற ஊதா ஒளியை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சி ஏன் விளக்குக்கு வருகிறது என்பதற்கு நெடுநாளாக ஆளுக்கொரு விளக்கம் சொல்லி வந்தார்கள். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, அதிவேகக் கேமராவில் பதிவு செய்து ஒன்றைக் காட்டியது. பறக்கும் பூச்சிகள் வெளிச்சமான பக்கத்தை வானம் என்று எடுத்துக்கொண்டு அதற்கு முதுகைக் காட்டுகின்றன. வானத்துக்கு அது சரியாக இருந்தது. பக்கத்தில் எரியும் விளக்குக்கு முதுகைக் காட்டினால் அதைச் சுற்றிச் சுற்றியே வர வேண்டியதுதான். விட்டில் விளக்கை விரும்பி வந்து மடிகிறது என்று சொல்லிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் மனதை வருத்தும் செய்தி. அது விரும்பி வரவில்லை, வழி தவறி மாட்டிக்கொள்கிறது. கணக்கெடுப்பவர் இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, விளக்கின் பிடி மிகச் சிறியது, பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். வேட்டி கட்டிய இடத்தின் பூச்சிகளைத்தான் பார்க்கிறோம், ஊர் முழுவதன் பூச்சிகளை அல்ல. இன்னொன்று, இரவு முழுக்க எரியவிடக்கூடாது.

இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். முதல் முறை நாங்கள் விடியும்வரை விளக்கை எரியவிட்டோம். வெளிச்சம் வந்ததும் கரிச்சான்கள் இரண்டு வந்து கயிற்றில் உட்கார்ந்தன. பத்து நிமிடத்தில் வேட்டியில் மிச்சமிருந்தவை இறக்கைகள்தான். அரளியில் வளரும் பச்சைப் பருந்துப்பூச்சி ஒன்று இரவு முழுக்க அங்கே அமர்ந்திருந்தது. அதன் இறக்கைத் துண்டைப் பொறுக்கி எடுத்தபோது யாரும் பேசவில்லை. அதன் பிறகு ஏழு மணிக்கு ஏற்றிப் பத்து மணிக்கு அணைத்துவிடுகிறோம். துணியை மெதுவாக உதறிப் பூச்சிகளைப் புதருக்குள் விட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். நள்ளிரவுக்குமேல் வரும் வகைகளை இதில் இழக்கிறோம். இழந்துவிட்டுப் போகட்டும்.

நாள் எது? அமாவாசை. நிலா வெளிச்சத்தில் விளக்குக்கு வருவது குறையும். எல்லோர் வீட்டு நாட்காட்டியிலும் அமாவாசை இருப்பதால் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2012 முதல் ஜூலைக் கடைசியில் அந்துப்பூச்சி வாரம் என்று பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். ஆடிக் காற்று வீசும் எங்கள் பகுதிக்கு அது உகந்த காலமல்ல. நாங்கள் ஐப்பசி, கார்த்திகை மழை இடைவெளிகளைத்தான் நம்புகிறோம். ஊராட்சியிலும் பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருட்டில் வெள்ளைத் துணியும் ஊதா வெளிச்சமும் பார்ப்பவர்களைப் பயமுறுத்தும்.

விளக்குக்கு வருவதில் பாதிக்கு மேல் பெயர் தெரியாது. நகக்கண் அளவுப் பூச்சிகள் பலவற்றை உள்ளுறுப்பை ஆராய்ந்தால்தான் பிரிக்க முடியும், அது நம் வேலையல்ல. பருந்துப்பூச்சிகள், பட்டுப்பூச்சி இனம், புலிவரி அந்துகள், ஆந்தைக்கண் போட்ட பெரியவை என்று சில குழுக்களை மட்டும் ஒழுங்காக எண்ணுவோம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். மற்றவற்றை அளவுகோல் வைத்துப் படம் எடுத்தால் போதும்.

விவசாயிகளிடம் உள்ள விளக்குப்பொறியும் இனக்கவர்ச்சிப் பொறியும் பயன்படுமா என்று சிலர் கேட்கிறார்கள். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒரே வகையைத்தான் ஈர்க்கும். 2018இல் இந்தியாவில் நுழைந்த மக்காச்சோளப் படைப்புழுவைக் கண்காணிக்க அது அருமையான கருவி, பல்லுயிர்க் கணக்குக்கு உதவாது. விளக்குப்பொறியில் அடியில் சோப்புத் தண்ணீர் இருக்கும், விழுவதெல்லாம் சாகும். அதற்காகவே ஒரு பொறியை நாம் வைக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருக்கும் விவசாயி ஒருவர் காலையில் தட்டைப் பார்க்க அனுமதித்தால் அதை நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம்.

பழப்பொறி

அழுகிய வாழைப்பழத்தோடு வெல்லம் சேர்த்து இரண்டு நாள் புளிக்கவைத்து, வலைக்கூண்டுக்குக் கீழே தட்டில் வைத்து நிழலில் தொங்கவிடுவது. பூவுக்கே வராமல் அழுகிய பழத்தையும் மரச்சாற்றையும் தேடும் பழுப்பு நிறப் பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன, நடையில் அவை கண்ணில் படுவது குறைவு. அவற்றுக்கு இது நல்ல வழி. ஆனால் எறும்பு ஏறும், கயிற்றில் கிரீஸ் தடவ வேண்டும். தினமும் திறந்துவிட ஆள் வேண்டும். பிடிக்கும் முறை என்பதால் வனப்பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் செய்யவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டாம்பூச்சிகளுக்கும் பொருந்தும். கல்லூரி ஆய்வு மாணவருக்கு இதைச் சொல்வேன். ஊர்க்குழுவுக்கு, கூண்டு இல்லாமல் தட்டை மட்டும் மாமரத்தடியில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது போதும்.

செடியிலிருந்து தொடங்குவது

யாரும் அதிகம் பேசாத வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பறப்பதைத் துரத்தாமல், அது முட்டையிடும் செடியைத் தேடுவது.

எருக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு, முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்பு நீட்டிக்கொண்டு இருந்தால் அது வெந்தய வரியனின் புழு. அரளியில் நான்கு இணைக் கொம்போடு ஒரு புழு இருந்தால் கறுப்பன் என்ற பட்டாம்பூச்சி. அதே அரளியில் உடம்பின் முன்பக்கம் நீலக்கண் போட்ட பெரிய பச்சைப் புழு இருந்தால் பருந்து அந்துப்பூச்சி. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது அழகிகளின் இளம்புழு. ஆமணக்கு, கொன்றை, ஆகாசக் கருடன் படர்ந்த வேலி, ஈஸ்வரமூலிக் கொடி, முருங்கை, எள்ளுக்காடு என்று ஒவ்வொரு செடியும் ஒரு முகவரி. ஈஸ்வரமூலி இல்லாத ஊரில் ரோஜா அழகியைத் தேடி அலைந்து பயனில்லை.

இந்த வழியின் அருமை என்னவென்றால், வெயிலும் காற்றும் அமாவாசையும் இதற்குத் தேவையில்லை. மேகமூட்டமான ஞாயிறு நடைக்கு வீண், செடிக்கு நல்ல நாள். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இரண்டுமே ஒரே தேடலில் கிடைக்கும். அதைவிட முக்கியமாக, பறந்து வந்து போகும் விருந்தாளி யார், இங்கேயே பிறந்து வளர்வது யார் என்று இது ஒன்றுதான் பிரித்துச் சொல்லும். கோடையிலும் மழைக்குப் பிறகும் வரியன்களும் கறுப்பன்களும் மலைகளுக்கும் சமவெளிக்கும் இடையே கூட்டமாக வலசை போகின்றன. அந்த வாரத்தில் நடந்தால் நோட்டு நிறைந்துவிடும். ஆனால் அவை நம் ஊரில் ஒரு முட்டைகூட இடாமல் போயிருக்கலாம்.

எங்கள் குழுவில் இதைச் சிறப்பாகச் செய்பவர் ஒரு பாட்டி. பட்டாம்பூச்சியின் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. எந்த வேலியில் எந்தக் கொடி எப்போது துளிர்க்கும் என்று தெரியும். "கண்ணு, அந்த மேட்டுல ஈஸ்வரமூலி போன வருசம் இருந்துச்சு, ஜேசிபி வந்து எடுத்துட்டாங்க" என்று அவர் சொன்ன ஒரு வரியில், அதே கொடியில் முட்டையிடும் சிவப்புடல் அழகி எங்கள் நான்காம் துண்டில் ஏன் காணாமல் போனது என்று புரிந்தது. நடையின் எண் மாற்றத்தைக் காட்டியது, காரணத்தைச் செடி சொன்னது.

குறை இல்லாமல் இல்லை. செடி தெரியாதவருக்கு இது நடக்காத வேலை. மர உச்சியில் புல்லுருவியில் முட்டையிடும் வகைகள் கைக்கு எட்டாது. பல அந்துப்பூச்சிப் புழுக்களை வளர்த்துப் பார்த்தால்தான் வகை தெரியும், சிலவற்றிலிருந்து பூச்சிக்குப் பதிலாக ஒட்டுண்ணிக் குளவி வெளியே வரும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் அந்த ஊரின் உயிர்தான். முருங்கைக் கம்பளிப்பூச்சியைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலியும் படமும்

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர்த் தளம் போன்றவற்றில் படம் ஏற்றுவது இப்போது பலருக்குப் பழக்கம். பெயர் கண்டுபிடிக்க, குறிப்பாக அந்துப்பூச்சிக்கு, இவற்றைப் போல உதவி வேறில்லை. அறிந்தவர்கள் எங்கிருந்தோ பார்த்துத் திருத்துகிறார்கள். ஆனால் செயலி தரும் முதல் ஊகத்தை அப்படியே நம்ப வேண்டாம். மக்கள் அழகானதைத்தான் படம் எடுக்கிறார்கள், விடுமுறையில்தான் எடுக்கிறார்கள். செப்டம்பரில் நாடெங்கும் பட்டாம்பூச்சி மாதம் நடக்கும்போது பதிவுகள் ஏறும், அடுத்த மாதம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பூச்சியின் ஏற்ற இறக்கம் என்று படித்துவிடக் கூடாது.

எதை எடுப்பது

ஆறு பேர், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, சில நூறு ரூபாய். இதுதான் பெரும்பாலான ஊர்க்குழுக்களின் நிலை. அவர்களுக்கு என் முடிவு இது. நடையை எலும்பாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே பாதை. அந்த நடை நடக்க முடியாத நாளில் செடிகளைப் பாருங்கள். விளக்கு அமாவாசைக்கு மட்டும், மூன்று மணி நேரம். செயலியைப் பெயர் கேட்கும் இடமாக மட்டும் வையுங்கள், கணக்கு வைக்கும் இடம் உங்கள் நோட்டு.

ஒரே ஒருவர், வீட்டுத் தோட்டம் மட்டும் என்றால் நடையை விட்டுவிட்டுச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துத் தொட்டிகளில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் அரளியும் இருந்தாலே ஓராண்டுக்கு வேலை இருக்கும். வளர்ச்சித் திட்டம் வரப்போகும் இடத்தில் என்ன இருக்கிறது என்று அவசரமாகக் காட்ட வேண்டிய நிலை என்றால் எல்லா வழியையும் ஒரே மாதத்தில் போடுங்கள், அங்கே பட்டியல்தான் பேசும். அப்படிப்பட்ட அவசரம் இல்லாதபோது பட்டியலின் நீளத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

முதல் நடைக்கு முன்பு பாதையை ஒருமுறை பூச்சியை எண்ணாமல் நடந்து, துண்டுகளின் எல்லைக்கு அடையாளம் வையுங்கள். மரம் வேண்டாம், வெட்டிவிடுவார்கள். எங்கள் இரண்டாம் துண்டின் எல்லை ஒரு வேலமரமாக இருந்தது, இன்று அது இல்லை. மதகு, மின்கம்பம், எல்லைக்கல் எதுவானாலும் சரி, அடுத்து வருபவரும் அதே இடத்தில் நிற்கும்படி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.